ஆஞ்சியோ நார்மல்னு வந்துடுச்சு, ஆனா படியேறினா நெஞ்சு அடைக்குது. இது என் கற்பனையா?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 48 வயசு. வியாசர்பாடில ஹவுசிங் போர்டு வீடு, மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வீட்லயே பிளவுஸ் தைக்கறேன். எட்டு மாசமா கீழேர்ந்து தண்ணிக்குடம் தூக்கிட்டு ஏறும்போது ரெண்டாவது மாடி திரும்பறதுக்குள்ள நெஞ்சுக்கு நடுவுல அம்மிக்கல்ல தூக்கி வச்ச மாதிரி அழுத்துது. தாடை வரைக்கும் இழுக்குது, முதுகுல இடது பக்கம் பிடிக்குது. செவுத்துல சாஞ்சு அஞ்சு நிமிஷம் நின்னா போயிடும். சில நாள் வலியே இருக்காது, மூச்சு மட்டும் வாங்கும். தெருமுனை கிளினிக்ல கேஸ் டிரபிள்னு மாத்திரை குடுத்தாங்க, ரெண்டு மாசம் சாப்ட்டும் கேக்கல. அப்புறம் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில ஈசிஜி, எக்கோ ரெண்டும் நார்மல்னாங்க. டிரெட்மில்ல ஆறு நிமிஷத்துல முடியாம நிறுத்திட்டேன், சந்தேகமா இருக்குன்னு ஆஞ்சியோ பண்ணாங்க. அடைப்பு எதுவும் இல்ல, எல்லாம் மனசுதான், டென்ஷன கொறைங்கன்னு சொல்லி பதட்டத்துக்கு மாத்திரை எழுதிட்டாங்க. வீட்டுக்காரர், இவ்ளோ செலவு பண்ணி நார்மல்னு வந்தப்புறமும் இன்னும் என்னன்னு கேக்கறார். எனக்கே என் மேல சந்தேகமா இருக்கு. ரெண்டாவது பிரசவத்துல பிபி ஏறிப்போய் அவசரமா ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க, அந்தப் பையனுக்கு இப்ப 19 வயசு. 38 வயசுல கர்ப்பப்பையும் சினைப்பையும் எடுத்துட்டாங்க. சுகர் பார்டர்ல இருக்கு. எனக்கு நிஜமாவே இதயத்துல ஒண்ணும் இல்லையா?

பெயர் வேண்டாம், வியாசர்பாடி

பதில்:

வணக்கம்மா. கடைசி கேள்விக்கு மொதல்லயே பதில் சொல்லிடறேன், இல்லன்னா இத படிச்சு முடிக்கறவரைக்கும் மனசு அங்கயேதான் நிக்கும். கற்பனை மாதிரி எனக்குத் தெரியல. உங்கள நேர்ல பாக்காம, ரிப்போர்ட்ட கையில வாங்காம இது இன்ன வியாதின்னு எழுதறது தப்பு, அத நான் செய்யப் போறதில்ல. ஆனா நீங்க எழுதின அதே நாலு வரிய ஒரு 55 வயசு ஆம்பள எழுதியிருந்தா ஆஞ்சைனா, அதாவது இதயத்துக்கு ரத்தம் பத்தாம வர்ற நெஞ்சுவலின்னு சொல்ல எந்த டாக்டரும் ரெண்டு தடவ யோசிச்சிருக்க மாட்டாங்க. நெஞ்சுக்கு நடுவுல அழுத்தம், உடம்புக்கு வேலை குடுத்தா வருது, நின்னா அஞ்சு நிமிஷத்துல போகுது. எங்களுக்கு காலேஜ்ல ஆஞ்சைனாவுக்கு சொல்லிக்குடுத்த மூணு அடையாளமும் இதேதான், மூணும் உங்க கடுதாசில இருக்கு. அப்புறம் அது எப்படி மொதல்ல கேஸா மாறி, அப்புறம் டென்ஷனா மாறிச்சுங்கறதுதான் கொஞ்சம் பேச வேண்டிய விஷயம்.

இந்த வலிக்கு ஆஞ்சைனான்னு பேர் வச்சவர் வில்லியம் ஹெபர்டன்னு லண்டன் டாக்டர், 1768ல. அவர் பின்னாடி எழுதி வச்ச கணக்குல கிட்டத்தட்ட நூறு நோயாளிங்க வர்றாங்க, அதுல லேடீஸ் மூணே மூணு பேர், 12 வயசுப் பையன் ஒருத்தன், பாக்கி எல்லாரும் அம்பது வயசை ஒட்டின இல்ல தாண்டின ஆம்பளைங்க. சாப்ட்ட கையோட மேட்டுல நடந்தா நெஞ்சப் பிடிக்கும்னு அவர் எழுதினாரு. அந்தக் காலத்து லண்டன்ல சாப்ட்டுட்டு மேட்டுல நடக்கப் போனது யாரு, டாக்டருக்கு ஃபீஸ் குடுத்து வந்து பாத்தது யாருன்னு நெனச்சுப் பாருங்க. அங்க ஆரம்பிச்ச படம்தான், நெஞ்சைக் கையால பிடிச்சிக்கிட்டு சாயற ஒரு ஆம்பள, இன்னிக்கு வரைக்கும் எங்க தலைக்குள்ள ஓடிட்டு இருக்கு. 1991ல பெர்னடின் ஹீலின்னு அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனத்துக்கு முதல் பெண் தலைவரா வந்த இதய டாக்டரம்மா இத நேரடியாவே எழுதிட்டாங்க: ஒரு பொம்பள தனக்கு ஆம்பளைக்கு வர்ற மாதிரியே வந்திருக்குன்னு நிரூபிச்சாதான் அவளுக்கு ஆம்பளைக்கு குடுக்கற வைத்தியம் கிடைக்குதுன்னு. அவங்க எழுதி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, உங்க லெட்டர் இன்னிக்கு வந்திருக்கு.

நம்ம ஊர்ல மேடு எங்க இருக்கு, பரங்கிமலைய விட்டா மாம்பலம் ஸ்டேஷன் படிதான். அதனால ஓபில எங்க கேள்வி "நடந்தா வலிக்குதாம்மா?"ன்னு இருக்கும், வர்ற பதில் தொண்ணூறு தடவ "நான் எங்க டாக்டர் நடக்கறேன், வீட்லதான இருக்கேன்". எழுதறவங்களும் வேலை செஞ்சா வலி இல்லைன்னு கேஸ் ஷீட்ல எழுதிடுவாங்க. முடிஞ்சது கத. நான் கேள்விய மாத்தி ரொம்ப வருஷம் ஆச்சு. தண்ணி எங்கேர்ந்து வருது, குடம் யாரு தூக்கறா, போர்வைய யாரு அலசிப் பிழியறா, துணி காயப்போட மொட்டைமாடிக்கு எத்தன தடவ, கிரைண்டர் கல்ல யாரு தூக்கி கழுவறா, இதெல்லாம் கேட்டா அப்பதான் "அட ஆமா மேடம், கல்ல தூக்கும்போது ஒரு மாதிரி அடைக்கும்"னு வரும். 15 லிட்டர் குடம்னா 15 கிலோ, அத இடுப்புல வச்சிட்டு மூணு மாடி ஏறறது ஒண்ணும் லேசுப்பட்ட உடற்பயிற்சி இல்ல. ஆனா அத உடற்பயிற்சின்னு நீங்களும் கணக்குல வைக்கறதில்ல, நாங்களும் வைக்கறதில்ல, அதுக்குப் பேரு வீட்டு வேலை.

இதுல ஒரு தப்பு நானே பண்ணியிருக்கேன். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப, முப்பது வருஷம் ஆகப்போகுது, ராத்திரி ரெண்டு மணிக்கு காஷுவாலிட்டிக்கு ஒரு அம்மா வந்தாங்க, கோயில் வாசல்ல பூ கட்டி விக்கறவங்க, 50 வயசு இருக்கும். முதுகு பிடிச்சிட்டு இருக்கு, ரெண்டு தடவ வாந்தி, சாயங்காலத்துலேர்ந்து பூ கட்ட கை வரலன்னாங்க. நான் வாந்திங்கற ஒரு வார்த்தைய மட்டும் பிடிச்சிக்கிட்டு அசிடிட்டிக்குப் போடற ஒரு ரானிடிடின் ஊசி போட்டு அனுப்பிட்டேன். ஈசிஜி மெஷின் பக்கத்து ரூம்ல சும்மாதான் இருந்துச்சு. காலைல ஏழு மணிக்கு ஆட்டோல தூக்கிட்டு வந்தாங்க, பெரிய மாரடைப்பு. பொழச்சிட்டாங்க, ஆனா பூக்கூடைய தூக்கிட்டு நடக்கற தெம்பு திரும்ப வரல. சின்ன வயசுலேர்ந்து பூ கட்டிட்டு இருந்த கை, அது வரலன்னு ஒருத்தங்க சொல்றாங்கன்னா அதுக்கு மேல என்ன சொல்லணும் எனக்கு? அவங்க எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, நான்தான் புஸ்தகத்துல இருக்கற வார்த்தைக்காக காத்துட்டு இருந்தேன்.

இந்த இடத்துல இன்னொன்னு, இப்ப வாட்ஸப்ல "பெண்களுக்கு மாரடைப்புல நெஞ்சுவலியே வராது"ன்னு ஒண்ணு சுத்திட்டு இருக்கு, அது தப்பு. லேடீஸுக்கும் பெரும்பாலும் நெஞ்சுலதான் வருது. அதோட கூடவே தாடை, முதுகு, மூச்சு வாங்கறது, குமட்டல், காரணமே இல்லாத அசதின்னு சிலது சேந்து வரும், நாம சொல்லும்போது அதையெல்லாம் மொதல்ல சொல்லிட்டு நெஞ்ச கடைசில "லைட்டா"ன்னு சொல்லுவோம், அதான் நடக்குது. ஒரு மாதிரி இருக்குங்கறது நம்ம ஊர் லேடீஸ் சொல்ற வார்த்தை, அதுக்குள்ள வலி, அழுத்தம், பயம் எல்லாம் இருக்கும். 2021ல அமெரிக்க இதய சங்கங்கள் நெஞ்சுவலிக்குன்னு கொண்டுவந்த வழிகாட்டுதல்ல 'அட்டிப்பிக்கல்' (வழக்கமான மாதிரி இல்லாத) வலிங்கற வார்த்தையவே விட்டுடுங்க, இதயம் சம்பந்தப்பட்டது, சம்பந்தப்பட்டதா இருக்கலாம், சம்பந்தப்படாதது, இந்த மூணுல ஒண்ணா எழுதுங்கன்னு சொல்லிட்டாங்க, நெஞ்சுவலியோட வர்ற பெண்களுக்கு நோய் தப்பிப்போற ஆபத்து அதிகம்னும் தனியா எழுதியிருக்காங்க. உங்க டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்துப் பாருங்க, அந்த 'அட்டிப்பிக்கல்' அதுல இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

சரி, டெஸ்ட்டுக்கு வருவோம். ஈசிஜி நார்மல்ங்கறதுக்கு அர்த்தம், நீங்க கட்டில்ல நிம்மதியா படுத்திருந்த அந்த பத்து செகண்டுல இதயத்துக்கு ரத்தம் சரியா போச்சுங்கறதுதான். ரயில் போனப்புறம் தண்டவாளத்த போட்டோ எடுத்துட்டு இங்க ரயிலே வரலன்னு சொல்ற மாதிரி. ஆஞ்சைனா இருக்கறவங்கள்ல நெறைய பேருக்கு வலி இல்லாத நேரத்துல ஈசிஜி சுத்தமா இருக்கும். எக்கோவும் அப்படித்தான், ஓய்வுல இதயம் நல்லா அடிக்குதான்னு மட்டும் சொல்லும்.

ஈசிஜி பத்தி யாரும் பேசாத ஒண்ணு இருக்கு, நான் பேசிடறேன். ஆம்பள டெக்னீஷியன் வந்து நிப்பார், ஸ்கிரீன் பாதி கிழிஞ்சிருக்கும், நாம பிளவுஸ் ஹூக்க முழுசா கழட்ட தயங்குவோம், அவரும் சங்கடப்பட்டுக்கிட்டு கெடச்ச இடத்துல ஒட்டிட்டுப் போயிடுவார். ஒட்டுற இடம் ஒரு விலா எலும்பு மேல கீழ ஆனாலே கோடு மாறும், இல்லாத மாரடைப்ப காட்டும், இருக்கறத மறைக்கும். அதனால தயங்காம லேடி நர்ஸ கூப்பிடச் சொல்லுங்க, ஸ்கிரீன இழுக்கச் சொல்லுங்க, ஆனா ஒட்டுறத மட்டும் சரியான இடத்துல ஒட்டச் சொல்லுங்க, மார்ப தூக்கி அதுக்குக் கீழ ஒட்டணும்னா ஒட்டிக்கட்டும். நீங்க பிளவுஸ் தைக்கறவங்க, முன்பக்கம் ஹூக் வச்சது ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ சௌகரியம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா.

டிரெட்மில் டெஸ்ட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. 220லேர்ந்து வயச கழிச்சு அதுல 85 சதவீதம் வரைக்கும் நாடித்துடிப்பு ஏறணும், உங்களுக்கு சுமார் 146. ஆறு நிமிஷத்துல நிறுத்தினப்ப அது எவ்ளோ இருந்துச்சுன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கும், பாருங்க. அதுக்குக் கீழ நின்னிருந்தா அந்த டெஸ்ட் பாஸும் இல்ல ஃபெயிலும் இல்ல, முடியல, அவ்ளோதான். புடவை கட்டிட்டு ஏறினீங்களா, சுடிதாரான்னும் கேக்கணும்னு தோணுது. புடவை தடுக்கிடுமோங்கற பயத்துலயே கம்பிய இறுக்கிப் பிடிச்சிட்டு நடக்கற எத்தனையோ பேர பாத்திருக்கேன். அது போக இந்த டெஸ்ட்டே லேடீஸ் விஷயத்துல அவ்வளவு நம்பகமில்ல, இல்லாதத இருக்குன்னு காட்டறது ஜாஸ்தி.

இப்ப முக்கியமான இடம், ஆஞ்சியோ, அதாவது இதயக் குழாய்ல சாயம் விட்டு எடுக்கற எக்ஸ்ரே படம். இதுல அடைப்பு இல்லன்னா இதயமே நல்லா இருக்குன்னு அர்த்தம்னு நீங்க, உங்க வீட்டுக்காரர், பாதி டாக்டருங்க எல்லாரும் நம்பறோம். ஆஞ்சியோ காட்டறது இதயத்தோட மேல்பரப்புல ஓடற பெரிய குழாய்கள மட்டும்தான். அரை மில்லிமீட்டருக்குக் கீழ இருக்கற சின்னக் குழாய்கள் அந்தப் படத்துல தெரியாது. மவுண்ட் ரோட்ல டிராஃபிக் இல்ல, சரி, அதுக்காக புளியந்தோப்பு சந்துக்குள்ள தண்ணி லாரி மாட்டிக்கிட்டு நிக்கலன்னு ஆயிடுமா? இதயத்தோட சதைக்கு ரத்தம் போய்ச் சேர்றது அந்தச் சந்து வழியாத்தான். அந்தச் சின்னக் குழாய்கள் வேலை செய்யும்போது விரியாம போனா உள்ள ரத்தம் பத்தாது, வலி வரும், படம் சுத்தமா இருக்கும். இதுக்கு மைக்ரோவாஸ்குலர் ஆஞ்சைனான்னு பேரு. 1973ல இதுக்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்'னு பேர் வச்சாங்க, அப்ப இது என்னன்னு யாருக்கும் சரியா புரியல. இன்னிக்கு புரியுது. இது ஆம்பளைங்களுக்கும் வரும், லேடீஸுக்கு ஜாஸ்தி.

இன்னொரு வகை, பெரிய குழாயே திடீர்னு சுருங்கி இறுகி அப்புறம் தானா விட்டுடறது. ப்ரின்ஸ்மெட்டல்ங்கற அமெரிக்க டாக்டர் 1959ல எழுதினது. இது பெரும்பாலும் ராத்திரி, விடியக்காலைல, சும்மா படுத்திருக்கும்போது வரும். உங்களுது படியேறினா வர்றதால மொதல் வகைதான் ஜாஸ்தி பொருந்துது, ஆனா ரெண்டும் கலந்தும் இருக்கலாம். கிளாஸ்கோ பக்கத்துல 2018ல வெளியிட்ட ஒரு ஆய்வுல உங்கள மாதிரியே வலி இருந்து ஆஞ்சியோல அடைப்பு இல்லாத 151 பேருக்கு அந்த டேபிள்லயே சின்னக் குழாய் டெஸ்ட்டும் பண்ணிப் பாத்தாங்க. இதயத்துல எதுவுமே இல்லன்னு ஆனது 17 பேர். மத்த எல்லாருக்கும் இந்த ரெண்டுல ஒண்ணோ ரெண்டுமோ இருந்துச்சு. அந்த டெஸ்ட் ரிசல்ட்ட டாக்டர் கிட்ட காட்டி அதுக்கேத்த மருந்து குடுத்தவங்களுக்கு ஆறு மாசத்துல வலி கொறஞ்சுது, ரிசல்ட்ட காட்டாம வழக்கம் போல பாத்தவங்களுக்கு அந்த அளவு கொறையல. உங்க வீட்டுக்காரர் கிட்ட இந்த 151லேர்ந்து 17 கணக்க மட்டும் சொல்லுங்க.

உயிருக்கு ஆபத்தில்லையே, வலிதானேன்னு சிலர் சொல்லுவாங்க. அதுவும் முழுசா சரியில்ல. அமெரிக்கால 1996ல ஆரம்பிச்சு பெரிய அடைப்பு இல்லாத ஆனா வலி இருக்கற பெண்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்தாங்க, வலியே இல்லாத பெண்கள விட இவங்களுக்கு மாரடைப்பு, ஹார்ட் ஃபெயிலியர் எல்லாம் ஜாஸ்தியாத்தான் வந்துச்சு. பயமுறுத்த சொல்லல, சும்மா விடக்கூடாதுங்கறதுக்கு சொல்றேன்.

நீங்க செய்ய வேண்டியது என்னன்னா, அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் ஆஞ்சியோ சிடியையும் ஒரிஜினல் ரிப்போர்ட்டையும் வாங்குங்க, அது உங்களோடது, குடுக்கணும். வாயால சொன்ன 'நார்மல்' வேற, எழுதினது வேறயா இருக்கும் பல தடவ. 'மைனர் சிஏடி'ன்னோ, 'ஸ்லோ ஃப்ளோ'ன்னோ, 'பிரிட்ஜ்'னோ ஏதாவது எழுதியிருக்கான்னு பாருங்க. மைனர் சிஏடின்னா குழாய்ல கொஞ்சமா கொழுப்பு படிஞ்சிருக்குன்னு அர்த்தம், பிரிட்ஜ்னா குழாய் ஒரு இடத்துல இதயச் சதைக்குள்ள புதைஞ்சு ஓடுதுன்னு அர்த்தம், ஸ்லோ ஃப்ளோன்னா சாயம் மெதுவா இறங்குச்சுன்னு அர்த்தம், சின்னக் குழாய்ல பிரச்னை இருக்கலாங்கறதுக்கு அது ஒரு க்ளூ. ஸ்டென்ட் போட வேண்டியதில்லங்கறத சுருக்கி 'ஒண்ணும் இல்ல'ன்னு சொல்ற பழக்கம் எங்க ஆளுங்க கிட்ட இருக்கு.

அதோட கூட ஒரு அம்பது பக்க நோட்டு வாங்கி ரெண்டு வாரம் எழுதுங்க. எப்ப வந்துச்சு, என்ன செஞ்சிட்டு இருந்தீங்க, எங்கேர்ந்து எங்க போச்சு, எத்தன நிமிஷம், நின்னா போச்சா, கூட வேர்த்துச்சா. கேஸ், டென்ஷன் இந்த ரெண்டு வார்த்தையும் அந்த நோட்டுல வரவே கூடாது, அது காரணம், காரணத்த கண்டுபிடிக்கறது எங்க வேலை. பாக்க போகும்போது நீங்களே பேசுங்க. வீட்டுக்காரர் கூட வரட்டும், நல்லதுதான், ஆனா கத அவர் சொல்ல வேண்டாம். "இவளுக்கு அடிக்கடி டென்ஷன் ஆகும் சார்"னு அவர் ஆரம்பிச்சா அந்த டாக்டர் மனசுல பாதி டயக்னோசிஸ் அங்கயே எழுதியாச்சு. நான் பல தடவ புருஷன்மார வெளிய டீ குடிக்க அனுப்பிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பேன்.

பிரசவத்துல பிபி ஏறினத, 38ல சினைப்பை எடுத்தத இது வரைக்கும் இதய டாக்டர் யாராவது கேட்டாங்களா? கேட்டிருக்க மாட்டாங்க, நீங்களா சொல்லுங்க. கர்ப்பத்துல பிபி ஏறற ப்ரீஎக்லாம்ப்சியாங்கற பிரச்னை வந்தவங்களுக்கு பின்னாள்ல இதய நோய் வர்ற வாய்ப்பு சுமார் ரெண்டு மடங்கு. 45க்கு முன்னாடியே சினைப்பைய எடுத்தா ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் ஒரேயடியா நின்னுபோய் ரத்தக்குழாய்க்கு இருந்த பாதுகாப்பும் சீக்கிரமே போயிடுது. கூட பார்டர் சுகர். உங்க வயசு 48ன்னாலும் உங்க குழாய்க்கு வயசு கொஞ்சம் கூடன்னு வச்சிக்கலாம். இது எதுவும் உங்க தப்பில்ல. ஹீமோகுளோபின், தைராய்டு, மூணு மாச சுகர் காட்டற எச்பிஏ1சி, கொலஸ்ட்ரால் எல்லாம் இதோட பாத்துடுங்க, ரத்தசோகை இருந்தாலே ஆஞ்சைனா ஏறும், நம்ம லேடீஸ்ல அது இல்லாதவங்கள தேடணும்.

டாக்டர் கிட்ட கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: "பெரிய குழாய்ல அடைப்பு இல்ல, சரி. சின்னக் குழாய்ல பிரச்னையோ குழாய் சுருங்கற பிரச்னையோ இல்லன்னு எப்படி முடிவு பண்ணீங்க?" கோவமா கேக்க வேணாம், சாதாரணமா கேளுங்க. வயர் உள்ள விட்டு ரத்த ஓட்டத்த அளக்கற டெஸ்ட் இருக்கு, அதே நேரத்துல அசிடைல்கோலின்ங்கற மருந்து குடுத்து குழாய் சுருங்குதான்னும் பாப்பாங்க. ஊசி மருந்து போட்டு எடுக்கற இதய எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன்லயும் ஓரளவு தெரியும். ஆஞ்சியோ பண்ற எல்லா கேத் லேபிலயும் இத செய்றதில்ல. உங்களுக்கு வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி பக்கம், சென்ட்ரல் எதிர்ல ஜிஹெச், ஓமந்தூரார், எல்லாம் அரசு ஆஸ்பத்திரி, எல்லாத்துலயும் கார்டியாலஜி (இதய) டிபார்ட்மென்ட் இருக்கு, ரெண்டாவது கருத்து கேக்க மறுபடி லட்சக்கணக்குல கொட்டணும்னு இல்ல, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க. அந்த டெஸ்ட் கிடைக்கலன்னாலும் அறிகுறிய வச்சே மருந்து ஆரம்பிச்சுப் பாக்கற வழக்கம் உண்டு. ஆனா எந்த வகைன்னு டாக்டர் யோசிக்கணும், ஏன்னா சின்னக் குழாய் வகைக்கு நல்லா கேக்கற, இதயத்துடிப்ப கொறைக்கற பீட்டா பிளாக்கர் மாத்திரை, குழாய் சுருங்கற வகைக்கு ஆகாது, மோசம் பண்ணலாம். அதனால பக்கத்து வீட்டு அக்கா போடற மாத்திரைய வாங்கிப் போடாதீங்க. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கற சார்பிட்ரேட்டும் அப்படித்தான், எழுதிக் குடுத்தா மட்டும் வச்சிக்கங்க, போடும்போது உக்காந்துட்டு போடணும், பிபி சட்டுனு இறங்கி மாடிப்படில மயங்கி விழுந்தா அது வேற வம்பு.

பதட்டத்துக்கு குடுத்த மாத்திரைய இத படிச்சிட்டு டக்குனு நிறுத்திடாதீங்க, சிலது திடீர்னு நிறுத்தினா ஆகாது, கேட்டுட்டு கொறைங்க. மனசும் இதுல இருக்குதான், எட்டு மாசமா நெஞ்சு வலிச்சு யாரும் நம்பலன்னா யாருக்குத்தான் பதட்டம் வராது. பதட்டம் இருக்கற பொம்பளைக்கு ஆஞ்சைனாவும் இருக்கலாம், கேஸ் இருக்கறவங்களுக்கும் இருக்கலாம், ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இல்லன்னு எங்கயும் எழுதல. கடைசில எல்லாம் பாத்து நெஞ்செலும்பு வலிதான், அசிடிட்டிதான்னும் வரலாம், வந்தா சந்தோஷம். ஒரு விரலால தொட்டுக் காட்டற வலி, அழுத்தினா கூடற வலி, ரெண்டு செகண்டு சுரீர்னு குத்திட்டு போறது, இதெல்லாம் பெரும்பாலும் இதயம் இல்ல. சாப்ட்டு படுத்தா, குனிஞ்சா எரியறது அசிடிட்டி. ஆனா படியேறினா வந்து நின்னா போற வாயுத்தொல்லை ரொம்ப அபூர்வம்மா, என் சர்வீஸ்ல விரல் விட்டு எண்ணிடலாம்.

ஒண்ணு மட்டும் தள்ளிப்போடக் கூடாது. வழக்கமா அஞ்சு நிமிஷத்துல போற வலி ஓய்வெடுத்தும் பத்து நிமிஷத்துல போகலன்னா, இல்ல சும்மா இருக்கும்போதே வர ஆரம்பிச்சா, இல்ல வேர்த்து கொட்டி மூச்சு முட்டுச்சுன்னா 108க்கு போன் பண்ணுங்க. ஓமத்தண்ணி, பெருங்காயம், சோடான்னு அரை மணி நேரம் போக்காதீங்க, பையன் பைக்ல பின்னாடி உக்காந்து போகாதீங்க, அடுப்புல சாதம் இருக்குன்னு யோசிக்காதீங்க. போன்ல ஆஸ்பிரின் போடலாமான்னு கேளுங்க, அலர்ஜியோ வயித்துல ரத்தக்கசிவோ இல்லாதவங்கள 300 மில்லிகிராம் அளவு மென்னு முழுங்கச் சொல்லுவாங்க. காஷுவாலிட்டில "கேஸ் மாதிரி இருக்கு"ன்னு ஆரம்பிக்காம "நெஞ்சு வலி"ன்னு மொத வார்த்தையா சொல்லுங்க, அந்த வார்த்தைக்குத்தான் பத்து நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுக்கணும்னு விதி இருக்கு. இதயச் சதை அடிபட்டா ரத்தத்துல ஏறற ட்ரோபோனின் டெஸ்ட் ஒரு தடவ நார்மல்னு வந்து அனுப்பப் பாத்தா, சில மணி நேரம் கழிச்சு ரெண்டாவது தடவ எடுக்க வேண்டாமான்னு கேளுங்க, சீக்கிரமே போனா மொத டெஸ்ட்ல ஏறியிருக்காது. லேடீஸுக்கு அந்த அளவோட எல்லையே கம்மி, அதிகமா பயன்படுத்தற ஒரு டெஸ்ட்ல ஆம்பளைக்கு 34னா நமக்கு 16, ரிப்போர்ட்ல பொதுவா ஒரே எல்லைய அடிச்சிருந்தா டாக்டர் கிட்ட காட்டிக் கேளுங்க.

சிடி கெடச்சதும் ரிப்போர்ட்ல இருக்கற வார்த்தைய அப்படியே பாத்து எனக்கு எழுதுங்க, அடுத்த தடவ அதுலேர்ந்து பேசலாம். அது வரைக்கும் தண்ணிக்குடத்த பையன் தூக்கட்டும், 19 வயசுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க.